தீவுக்குத் தீவு வெளிநாடு

கலாபகோஸ் தீவுகளைச் சுற்றிவரும் சின்னக் கப்பல்களின் பயணத் திட்டத்தை முதன்முதலாகப் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். கை நிறையப் பணம் கொடுத்துக் கப்பல் ஏறுகிறோம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை எந்தத் தீவில், எந்தக் கரையில் இறங்குவது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. கேப்டனாலும் முடியாது. பக்கத்துக் கரையில் பறவைக் கூட்டம் மொய்த்துக்கொண்டு கிடந்தாலும், திட்டத்தில் அந்த இடம் இல்லையென்றால் கப்பல் அங்கே நிற்காது. எத்தனை பேர் ஏறலாம், எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, ஒரு கரைக்குப் போய்விட்டு வந்தால் எத்தனை நாள் கழித்து மறுபடி போகலாம் என்பதெல்லாம் எழுதிவைத்த சட்டம். இவ்வளவு கெடுபிடி எதற்கு? காரணம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சுற்றித்தான் போகவேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், போவோம்.

முதலில் இடம். தென் அமெரிக்காவில் எக்வடோர் நாட்டுக் கரையிலிருந்து மேற்கே, பசிபிக் கடலுக்குள் சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, நிலநடுக்கோட்டின் மேலேயே கிடக்கின்றன இந்தத் தீவுகள். பெரியவை பதின்மூன்று, சின்னத் தீவுகளும் பாறைத் திட்டுகளும் நூற்றுக்கு மேல். நான்கு தீவுகளில்தான் ஊர் உண்டு, அங்கே சுமார் 30 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். 1959-இல் எக்வடோர் அரசு இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நிலப்பரப்பில் 97 விழுக்காடு பூங்காவுக்குச் சொந்தம். ஊர், வயல், விமான நிலையம் எல்லாம் மிச்சமிருக்கும் மூன்று விழுக்காட்டுக்குள் அடக்கம். 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலைப் போட்டபோதே இதன் பெயர் அதில் இருந்தது. சுற்றியுள்ள கடல் 1998-இல் காப்பகமானது.

இப்போது எல்லோருக்கும் இருக்கிற ஒரு தப்பெண்ணத்துக்கு வருவோம். ‘கலாபகோஸ்’ என்று சொன்னவுடன் நம் மனதில் வருவது ஒரே இடம். ஊட்டிக்குப் போனேன் என்பதைப்போல கலாபகோஸ் போனேன் என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம். ஒரு தீவில் இறங்கி ஆமையைப் பார்த்தால் ஆமையைப் பார்த்தாயிற்று, அடுத்த தீவிலும் அதே ஆமைதானே என்று தோன்றுகிறது. இது தப்பு. இந்தத் தப்பை நாம் மட்டும் செய்யவில்லை என்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. சார்லஸ் டார்வினே செய்தார்.

1835 செப்டம்பரில் பீகிள் கப்பலில் டார்வின் இங்கே வந்தபோது அவருக்கு வயது 26. ஐந்து வாரம் இருந்தார், நான்கு தீவுகளில் இறங்கினார். பார்த்த செடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் சேகரித்தார். இன்று ‘டார்வின் குருவிகள்’ என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்த ஃபிஞ்ச் குருவிகளையும் சுட்டுப் பதப்படுத்தி எடுத்துவைத்தார். ஆனால் எந்தக் குருவி எந்தத் தீவில் கிடைத்தது என்று பெரும்பாலானவற்றுக்குச் சீட்டு எழுதி ஒட்டவில்லை. கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இரண்டு தீவுகள், ஒரே வகைப் பாறை, ஒரே வெயில். இரண்டிலும் வேறு வேறு உயிரினம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

தோன்றும்படி ஒருவர் சொல்லத்தான் செய்தார். அப்போது அந்தத் தீவுகளின் துணை ஆளுநராக இருந்த நிக்கலஸ் லாசன், ஒரு ஆமையைக் காட்டினால் அது எந்தத் தீவு ஆமை என்று தன்னால் சொல்லிவிட முடியும் என்றார். டார்வின் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டார், உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீகிள் கப்பலில் வழிச்சாப்பாட்டுக்காக ஏற்றிய ஆமைகளைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள். எந்தத் தீவு எது என்று சொல்லியிருக்கக்கூடிய சாட்சிகள் அப்படியே கடலுக்குள் போயின.

அவரைக் காப்பாற்றியது மாக்கிங்பேர்டு என்கிற, நம் மைனா அளவிலான, சாம்பல் நிறப் பறவை. இரண்டாவது தீவில் பிடித்தது முதல் தீவில் பிடித்ததைப்போல இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. அதனால் அதை மட்டும் தீவுவாரியாகப் பிரித்து வைத்தார். லண்டன் திரும்பியதும், 1837-இல், பறவையியலாளர் ஜான் கூல்டு அவற்றைப் பார்த்துவிட்டு, இவை ஒரே இனத்தின் வகைகள் அல்ல, தனித்தனி இனங்கள் என்றார். இங்கே மொத்தம் நான்கு மாக்கிங்பேர்டு இனங்கள் உண்டு என்று இன்று தெரியும். கூல்டு சொன்ன பிறகு டார்வின், பீகிளின் கேப்டன் ஃபிட்ஸ்ராயும் கப்பலிலிருந்த மற்றவர்களும் சேகரித்திருந்த குருவிகளை வாங்கிப் பார்த்து, எது எந்தத் தீவு என்று பின்னோக்கிக் கணக்குப் போடவேண்டியிருந்தது. பரிணாமக் கொள்கைக்கு வித்திட்ட தீவுகள் என்கிறோம். வித்து விழுந்தது தீவில்; முளைத்தது லண்டன் அலமாரியில்.

சரி, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தீவுகள் எப்படி இவ்வளவு வேறுபடும்? இரண்டு காரணம். ஒன்று, வயது. மாடியில் வடாம் பிழிவதை நினைத்துக்கொள்வோம். பிழிகிற கை ஒரே இடத்தில் நிற்கிறது. கீழே விரித்த துணியை மட்டும் யாரோ மெல்ல மெல்லக் கிழக்கே இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் பிழிந்தது தூரம் போய்க் காய்ந்துவிடும். இப்போது பிழிந்தது கைக்கு அடியில் ஈரமாகக் கிடக்கும். கடலுக்கு அடியில் பாறைக்குழம்பு பொங்கிவரும் ‘வெப்பப்புள்ளி’தான் அந்தக் கை. நாஸ்கா தட்டு என்கிற பூமியின் மேலோட்டுத் துண்டுதான் துணி. ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் போலக் கிழக்கே நகர்கிறது. அதனால்தான் கிழக்கே இருக்கும் எஸ்பானியோலா 30 லட்சம் ஆண்டுக்கு மேல் பழைய, தேய்ந்துபோன தட்டைத் தீவு. மேற்கே இருக்கும் ஃபெர்னாண்டினா இன்னும் ‘ஈரம்’: 2024 மார்ச்சில்கூட அதன் எரிமலை வெடித்துக் குழம்பு கடல்வரை வழிந்தது.

இரண்டாவது காரணம், நீரோட்டம். தெற்கிலிருந்து ஹம்போல்ட் என்கிற குளிர்ந்த ஓட்டம் வருகிறது. வடகிழக்கே பனாமா பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான நீர் வருகிறது. மேற்கிலிருந்து கடலின் ஆழத்திலேயே வரும் க்ராம்வெல் ஓட்டம், ஃபெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் அடிவாரத்தில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது ஆழத்தின் குளிரையும் சத்தையும் கூடவே கொண்டுவருகிறது. மீன் பெருகுகிறது. நிலநடுக்கோட்டில் பெங்குவின் வாழ்கிறது என்றால் நம்பமுடிகிறதா? வாழ்கிறது, பெரும்பாலும் இந்த மேற்குக் கரையில்தான். பறக்கிற பழக்கத்தையே விட்டுவிட்ட நீர்க்காகமும் இந்த இரண்டு தீவுகளின் கரையில் மட்டும்தான் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. மூழ்கி மீன் பிடித்துவிட்டுக் கரையேறி, குட்டையான, கந்தலாய்ப்போன இறக்கைகளை விரித்து வெயிலில் காயவைக்கும். பறக்க உதவாத இறக்கையைக் காயவைத்து என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். குலப்பழக்கம்.

எஸ்பானியோலாவுக்கு வந்தால் கதை வேறு. இரண்டு மீட்டருக்கும் மேல் இறக்கை விரிக்கும் அலைவரி ஆல்பட்ராஸ் பறவை, ஏறக்குறைய முழு இனமுமே, முட்டையிட வருவது இந்த ஒரு தீவுக்குத்தான். மற்ற பெரும்பாலான தீவுகளில் கரிக்கட்டைபோல இருக்கும் கடல் இகுவானா என்கிற பெரிய பல்லி, இங்கே சிவப்பும் பச்சையுமாக மாறிவிடுகிறது. வடக்கே, நிலநடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜெனோவேசாவில் மரக்கிளைகளில் சிவப்புக்கால் பூபி என்கிற கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும். ஈரப்பதமான மலைகள் உள்ள தீவில் ஆமை ஓடு கவிழ்த்த கிண்ணமாக இருக்கும். புல் குறைந்த வறண்ட தீவில், உயரத்தில் இருக்கும் கள்ளியை எட்டிக் கடிக்கத் தோதாக, ஓட்டின் முன்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். லாசன் பார்த்துச் சொன்னது இதைத்தான்.

ஆக, இது ஒரு இடமில்லை. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போவதே எல்லை தாண்டுவதுதான். சின்னக் கப்பல் பயணத்தின் விதிகள் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளம்பியவை. கப்பல் எதற்கு என்கிற கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. ஆளில்லாத தீவில் விடுதி கட்டமுடியாது, கட்டவும் கூடாது. கட்டிலையும் சமையலறையையும் கழிவறையையும் தூக்கிக்கொண்டு வந்து, கரைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, சாயங்காலம் தூக்கிக்கொண்டே போய்விடவேண்டும். ராத்திரிச் சாப்பாடு முடிந்து நாம் தூங்கும்போது கப்பல் ஓடுகிறது. விடிந்தால் வேறு தீவு. 1967-இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் முதல் சுற்றுலாக் குழுவைக் கொண்டுவந்தபோதே இதுதான் முறை, இன்றைக்கும் இதுதான்.

சின்னதாக இருப்பது சொகுசுக்காக என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். உண்மையில் அது கணக்கு. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் கரையேறக் கூடாது. ஒரு வழிகாட்டிக்கு 16 பேர்தான். கலாபகோஸில் ஏகப்பட்ட படகுகளில் சரியாக 16 படுக்கை இருப்பது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். பதினேழாவது ஆளை ஏற்றினால் இரண்டாவது வழிகாட்டிக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும்.

இன்னொரு எண்ணத்தையும் இங்கேயே கொஞ்சம் திருத்திக்கொள்வோம். பயணிகள் என்ன கெடுதல் செய்துவிடப்போகிறார்கள், குப்பை போடுவார்கள், கூச்சல் போடுவார்கள், அவ்வளவுதானே என்று நினைப்போம். குப்பையைப் பொறுக்கிவிடலாம். காலில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு விதையை, பைக்குள் ஒளிந்துவரும் ஒரு எறும்பைப் பொறுக்க முடியாது. 1959-இல் பின்டா என்ற தீவில் மீனவர்கள் மூன்று ஆடுகளை விட்டார்கள், அடுத்த முறை வரும்போது கறிக்கு ஆகுமே என்று. 1970-களில் அந்த ஆடுகள் பல்லாயிரமாகிவிட்டன. தீவே மொட்டை. அங்கே மிஞ்சியிருந்த ஒரே ஒரு ஆமையை 1971-இல் கண்டார்கள். உலகமே ‘தனிமை ஜார்ஜ்’ என்று பெயர் வைத்துக் கூப்பிட்ட அந்த ஆமை 2012 ஜூன் 24 அன்று செத்தது. அதோடு பின்டா ஆமை இனம் முடிந்தது.

சான்டியாகோ தீவிலும் வடக்கு இசபெலாவிலும் இதே ஆட்டுத் தொல்லை. 1997-இல் தொடங்கி 2006 வரை நடந்த ‘இசபெலா திட்டத்தில்’ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டு ஒழித்தார்கள், ஹெலிகாப்டரிலிருந்துகூட. கடைசிச் சில ஆடுகள் மறைந்துகொள்ளும் என்பதால், கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆடு தனியாக இருக்காது, துணை தேடிப் போகும். அது போய்ச்சேர்ந்த மந்தையைத் துப்பாக்கி பின்தொடரும். கூட்டத்தைக் காட்டிக்கொடுப்பதால் அவற்றுக்கு ‘யூதாஸ் ஆடு’ என்று பெயர். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று ஆட்டை இறக்கிவிட ஒரு நிமிஷம் போதும், ஒழித்துக்கட்டப் பல பத்தாண்டு ஆகிறது என்பதுதான் கணக்கு.

ஆடாவது கண்ணுக்குத் தெரியும். ஃபிலோர்னிஸ் என்று ஒரு ஈ இருக்கிறது. வளர்ந்த ஈ பாவம், பழச்சாறு குடித்துக்கொண்டு திரியும். அதன் புழு குருவிக் கூட்டுக்குள் ஒளிந்திருந்து, ராத்திரியில் குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சும். நாசித் துவாரத்துக்குள்ளேயே புகுந்துவிடும். 1997-இல்தான் கூடுகளில் இந்தப் புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தீவுக்கே உரிய குருவிகளுக்கு இன்றைக்கு இருக்கும் மிகப்பெரிய ஆபத்துகளில் இது ஒன்று. வெளியிலிருந்து வந்த ஈ; கொண்டுவருகிறோம் என்று அறியாமலே யாரோ கொண்டுவந்தது.

இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு கப்பலின் ஒரு நாளைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். கெடுபிடி கிளம்பும் விமான நிலையத்திலேயே ஆரம்பிக்கிறது. பெட்டிகளைச் சோதித்துப் பழம், விதை, செடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். விமானம் இறங்குவதற்கு முன்னால், தலைக்கு மேலிருக்கும் சாமான் பெட்டிகளைத் திறந்து பூச்சிமருந்து அடிப்பார்கள். கப்பலில் காலைச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு மிதவைச் சட்டை. பின்பக்கத்தில் ‘பாங்கா’ என்று அவர்கள் அழைக்கும் ரப்பர் படகு ஆடிக்கொண்டு நிற்கும். ஏறும்போது மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது. அவர் நம் முன்கையைப் பிடிப்பார், நாம் அவர் முன்கையைப் பிடிக்கவேண்டும். ஈரக்கை வழுக்கினாலும் இந்தப் பிடி விடாது. கரையில் சில இடத்தில் பாறைப் படியில் காலை வைத்து இறங்கலாம். சில இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் குதிக்கவேண்டும்.

கரையேறினால் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் நட்ட பாதை. அதைவிட்டு விலகக் கூடாது. மிருகங்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். தின்பண்டம் கூடாது, ஃபிளாஷ் கூடாது, கூழாங்கல் ஒன்றைக்கூட எடுத்துவரக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு மீட்டர் சட்டம் அவற்றுக்குத் தெரியாது. நீலக்கால் பூபி பாதை நடுவிலேயே முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும். நாம்தான் சுற்றிப் போகவேண்டும். மனிதர்கள் பழக்கிவைத்தார்கள் என்று நினைக்கவேண்டாம். வேட்டையாடும் பெரிய விலங்கு எதுவும் இல்லாத இடத்தில் ஓடிப்போகவேண்டிய அவசியமே அவற்றுக்கு வந்ததில்லை.

திரும்பும்போதுதான் பார்க்கவேண்டிய காட்சி. கப்பலின் பின்படியில் ஒருவர் தண்ணீர்க் குழாயும் தேய்க்கும் பிரஷ்ஷுமாக நிற்பார். செருப்பைக் கழற்றித் தலைகீழாக நீட்டவேண்டும். அடிப்பகுதியின் வரிப்பள்ளங்களில் அடைத்திருக்கும் மணலை ஒவ்வொரு வரியாகத் தேய்த்துத் தள்ளுவார். வார்ப்பட்டையின் ஒட்டும் முள்பரப்பில் சின்ன விதை சிக்கியிருந்தால் நகத்தால் நோண்டி எடுப்பார். மதியம் வேறு தீவில் இறங்கப்போகிறோம் அல்லவா, இந்தத் தீவின் மண் அந்தத் தீவுக்குப் போகக் கூடாது. சாதாரணச் சுற்றுலாவில் இதைச் சுத்தம் என்போம். இங்கே இது சுங்கச்சாவடி. கப்பலே ஒரு சந்தேகத்துக்குரிய பயணிதான்: ராத்திரி விளக்கைத் தேடிவரும் பூச்சி ஏறி உட்கார்ந்தால் விடியும்போது அது இன்னொரு தீவின் பக்கத்தில் இருக்கும். அதனால் கப்பலின் அடிப்பாகத்தையும் விளக்கையும் சரக்கறையையும் அதிகாரிகள் சோதிக்கிறார்கள்.

பயணத் திட்டத்துக்கு இப்போது வரலாம். முன்பெல்லாம் கப்பல்கள் நடுவிலிருக்கும் சில புகழ்பெற்ற கரைகளையே சுற்றிச் சுற்றி வந்தன. 2012 முதல், ஒரு கப்பல் ஒரு கரைக்குப் போனால் அடுத்த 14 நாளுக்குள் அதே கரைக்குத் திரும்பக் கூடாது என்று பூங்கா விதித்தது. அதனால் ஒவ்வொரு கப்பலும் இரண்டு வாரச் சுற்று ஒன்றைப் போடுகிறது. அதைத்தான் நான்கு நாள், ஐந்து நாள், எட்டு நாள் துண்டுகளாக வெட்டி நமக்கு விற்கிறார்கள். ஒரே கப்பல்தான், ஆனால் இந்த வாரம் மேற்குப் பக்கம் ஓடும், அடுத்த வாரம் கிழக்கும் வடக்கும். இந்தக் கரைக்கு இந்தக் கப்பல், இந்த வேளை என்று பூங்கா பிரித்துக் கொடுத்துவிடுவதால் இரண்டு கூட்டம் முட்டிக்கொள்வதும் குறைவு.

இதெல்லாம் போதுமா என்றால், என் கருத்து இது: கப்பலில் இருக்கும் கட்டுப்பாடு ஊருக்குள் இல்லை. கப்பல் படுக்கைகளுக்கு உச்சவரம்பு உண்டு. ஊர்களில் விடுதிகள் பெருகிக்கொண்டே போயின. இன்று வருகிறவர்களில் பெரும்பான்மையோர் தூங்குவது கரையிலிருக்கும் விடுதிகளில்தான். 2023-இல் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் ஆள் வந்தார்கள். அத்தனை பேருக்கும் காய்கறி, சிமென்ட், எரிபொருள் எல்லாம் கடல் தாண்டித்தான் வரவேண்டும். ஒவ்வொரு சரக்குப் பெட்டியிலும் ஒரு எறும்புக்கு இடம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த இனங்களும் கட்டுக்கடங்காத சுற்றுலாவும் சேர்ந்துதான் 2007-இல் இந்தத் தீவுகளை யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் ஏற்றின. 2010-இல் எடுத்துவிட்டார்கள், அவசரப்பட்டு எடுத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. அதேசமயம், விடுதி வருமானம் உள்ளூர்க் குடும்பத்துக்குப் போகிறது, கப்பல் காசு பெரும்பாலும் முதலாளிகளுக்குப் போகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான வெளிநாட்டவருக்கான பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலர் ஆனது. அது நல்லதுதான்.

போவதாக இருந்தால், அல்லது போகிற யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், கப்பலின் அறைப் படங்களை ஓரமாக வையுங்கள். வரைபடத்தைக் கேளுங்கள். பெங்குவினும் பறக்காத நீர்க்காகமும் வேண்டுமென்றால் ஃபெர்னாண்டினாவும் மேற்கு இசபெலாவும் திட்டத்தில் இருக்கவேண்டும். சிவப்புக்கால் பூபி வேண்டுமென்றால் ஜெனோவேசா. நான்கு நாளில் எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது, சட்டமே இடம் கொடுக்காது. மாதத்தையும் பாருங்கள். ஜனவரியிலிருந்து மே வரை வெயிலும் மழையும், கடல் சாது. ஜூனுக்குப் பிறகு குளிர், தூறல், கப்பல் ஆட்டம். ஆனால் கடலில் உயிர் அதிகம். ஆல்பட்ராஸ் எஸ்பானியோலாவில் இருப்பது ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைதான். பிப்ரவரிப் பயணத்துக்கு ஆல்பட்ராஸ் படத்தைப் போட்டு யாராவது விற்றால், அவரிடம் வாங்காதீர்கள்.